மஞ்சள் இறக்கையின் உள்ளே

திருப்பூரில் மாஸ்டர் என்றால் துணி வெட்டுகிறவர். நூறு மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே அளவு வரைந்து, ஓடுகிற கத்தியால் ஒரே வெட்டில் நூறு உடுப்புக்கான துண்டுகளையும் எடுத்துவிடுவார். கை கோணினால் நூறும் கோணல். அந்த வேலையில் பெண்கள் குறைவு. தமயந்தி பதினைந்து வருஷமாக அதில் இருந்தார். வயது முப்பத்தேழு. பனியன் கம்பெனியிலும் மாஸ்டர், குடியிருந்த தெருவிலும் மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் விமானம் ஓட்டுவார்.

ரிமோட்டில் ஓடும் விமானம்தான். ஆனால் கடையில் வாங்கியது இல்லை. தக்கையைப் போல லேசான பால்சா மரத்தில் விலா விலாவாக வெட்டி, ஒட்டி, மேலே துணி போர்த்திச் செய்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் பறந்த விமானங்களைப் போல மேலொன்று கீழொன்றாக இரண்டு இறக்கை. இரண்டுக்கும் நடுவே தாங்குகட்டைகள், குறுக்கே இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிகள். ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். நிறம் மஞ்சள்.

அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மனை பிரித்து எல்லைக்கல் நட்டு, வீடு எதுவும் எழும்பாமல் கிடந்த பூமிதான் மைதானம். காலை நடைக்குப் போன நாச்சிமுத்து அதை அங்கேதான் முதலில் பார்த்தார்.

அவருக்கு அப்போது ஐம்பத்தொன்பது. பம்பு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தலைமயிர் அளவு தப்பு இருந்தாலும் அவர் விரல் அங்கே போய் நிற்கும்.

மஞ்சள் விமானம் மண் ரோட்டில் ஓடி, வாலைத் தூக்கி, எழுந்தது. தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. வெயில் துணிக்குள் பாய்ந்து விலாக்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. திரும்பி வந்து, மண்ணைத் தொட்டதே தெரியாமல் இறங்கியது.

நாச்சிமுத்து பக்கத்தில் போனார்.

"ஏனுங்க, இதை எங்கே வாங்கினீங்க?"

"செஞ்சதுங்க."

"யாரு செஞ்சது?"

தமயந்தி வலதுகையை நீட்டிக் காட்டினார். விரல் நுனிகளில் பசை காய்ந்து தோலாக உரிந்திருந்தது.

நாச்சிமுத்து விமானத்தை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். கண்ணை இடுக்கி இறக்கையின் ஓரத்தை நேர்கோடு பார்த்தார். முப்பத்துநாலு வருஷத்தில் முதல்முறையாக அவருக்குச் சொல்ல ஒரு குறையும் அகப்படவில்லை.

"எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?"

"கத்தி பிடிச்சு வேலை செஞ்சிருக்கீங்களா சார்?"

"மத்தவங்க செஞ்சதை அளந்திருக்கேன். நானா எதுவும் செஞ்சதில்லைங்க."

"எதுவுமே?"

நாச்சிமுத்து யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"எதுவுமே."

"அப்ப அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வாங்க" என்றார் தமயந்தி.

மாஸ்டர் வீட்டு மாடியில் ஒரு நீள மேசை. மேசையில் ஒரு வரைபடம் விரித்துக் கிடந்தது.

"பழைய பேப்பர் கடையில கிடைச்சதுங்க இது. முதல்ல பார்த்தப்ப ஏதோ சட்டைக்குப் பேட்டர்ன்னு நெனச்சேன். கை எது, காலர் எதுன்னு பார்த்துட்டு இருந்தேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, இது போடறதுக்கில்ல, பறக்கறதுக்குன்னு."

நாலு இறக்கைப் பாதிக்கும் சேர்த்து நாற்பத்தெட்டு விலா வேண்டும். நாச்சிமுத்து வெட்டத் தொடங்கினார். வெட்டினது ஒவ்வொன்றையும் வெர்னியர் அளவுகோலால் அளந்தார். அரை மில்லி கூடினால் கூடைக்குள் போட்டார். நாலு ஞாயிறு முடிந்தபோது கையில் ஆறு விலா இருந்தது. கூடை நிறைந்திருந்தது.

மாஸ்டர் கூடையிலிருந்து ஒன்றையும் மேசையிலிருந்து ஒன்றையும் எடுத்தார். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாற்றி மாற்றிப் பிடித்து, முன்னால் நீட்டினார்.

"எது ரிஜெக்ட்?"

நாச்சிமுத்து அளந்தார். "இது."

மறுபடியும் மாற்றினார். மறுபடியும் அளந்தார். "இது."

"சரியாக் கண்டுபிடிச்சிட்டீங்க" என்று மாஸ்டர் சிரித்தார். "காத்து கண்டுபிடிக்குமான்னு பார்க்கணும்."

கூடையைக் கொட்டி இடம் பண்ணிக் கொடுத்தார்.

இறக்கைக்கு மட்டும் ஐந்து மாதம் ஆனது. உடம்புக்கு நாலு மாதம். வாலுக்கும் சக்கரத்துக்கும் இரண்டு. நாச்சிமுத்து தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி பாவாத்தாள் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டே ஒரு வருஷம் சாப்பிட்டார்.

வேலை என்னவோ அபாரமான வேலை. இரண்டு கட்டை சேர்கிற இடத்தில் நகத்தை ஓட்டினாலும் தட்டாது. ஒருநாள் அவர் கொண்டுபோய்க் காட்டிய இறக்கையில் மாஸ்டர் அந்த ஒட்டுகளை வெகுநேரம் பார்த்தார்.

"இப்படி ஒரு ஒட்டு நான் போட்டதில்லைங்க சார்."

நாச்சிமுத்துவுக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

இதற்கிடையில் ஓட்டவும் பழகினார். தெர்மாகோலில் செய்த பயிற்சி விமானம் ஒன்று மாஸ்டரிடம் இருந்தது. விழுந்தால் நசுங்கும், உடையாது. அதில் ஏற்றினார், இறக்கினார், வட்டம் போட்டார்.

தை மாதம் அவருடைய விமானம் முடிந்தது. சிவப்புத் துணி. இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து, தட்டினால் தப்பட்டைபோல ஒலிக்கும் அளவுக்கு இழுத்து விட்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு வேட்டியில் சுற்றி, காரின் பின்சீட்டில் படுக்கவைத்து மைதானத்துக்குக் கொண்டுவந்தார். இறக்கைகளைப் பூட்டினார். கம்பிகளைக் கட்டினார். ரிமோட்டைத் தட்டி வால் அசைகிறதா என்று பார்த்தார். அசைந்தது.

பிறகு கம்பிகளை அவிழ்த்தார்.

"என்னாச்சுங்க சார்?"

"காத்து கொஞ்சம் கூட இருக்குதுங்க மாஸ்டர்."

மாஸ்டர் சேலை முந்தானையைப் பார்த்தார். அது அசையாமல் தொங்கியது.

"சரிங்க" என்றார்.

அடுத்த வாரம் பேட்டரியில் சந்தேகம் வந்தது. அதற்கடுத்த வாரம் இடது கீழ் இறக்கையில் ஒரு கம்பி தளர்ந்ததுபோல் இருந்தது. அப்புறம் வெயில். அப்புறம் வாலில் ஒரு கீறல், இன்னொரு பூச்சு அடித்துவிட்டுக் கொண்டுவருகிறேன் என்றார். ஏழு ஞாயிறு சிவப்பு விமானம் மைதானத்துக்கு வந்து, பூட்டப்பட்டு, கழற்றப்பட்டு, வேட்டியில் சுற்றப்பட்டு வீடு திரும்பியது.

"கோயில் உற்சவர்கூட வருஷத்துல ஒருக்காதான் இப்படிப் போயிட்டு வர்றாரு" என்றார் பாவாத்தாள்.

மாஸ்டர் ஒரு வாரமும் ஒன்றும் கேட்கவில்லை. தன் மஞ்சள் விமானத்தை எடுப்பார், ஓட்டுவார், இறக்குவார். நாச்சிமுத்து பார்த்துக்கொண்டே நிற்பார். பார்க்கப் பார்க்க அவருக்கு ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. குறையே இல்லாத பொருள்தான் அப்படிப் பறக்க முடியும்.

எட்டாவது ஞாயிறு அவரே கேட்டுவிட்டார். அன்று மைதானத்தில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"மாஸ்டர், ஒரு விமானம் பறக்கத் தயாராயிருச்சுன்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?"

மஞ்சள் விமானம் அப்போதுதான் மேலே ஏறியிருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தபடியே பக்கத்தில் வந்தார். ரிமோட்டை அவர் கையில் வைத்தார்.

"பிடிங்க."

"மாஸ்டர்!"

"மேலே பாருங்க. என்னைப் பார்க்காதீங்க."

நாச்சிமுத்து பார்த்தார். வேறு வழியில்லை. விமானம் மேலே இருந்தது, அது அவர் கையில் இருந்தது.

முதல் நிமிஷம் அவருக்கு மூச்சே வரவில்லை. பிறகு வந்தது. தெர்மாகோல் விமானம் தள்ளினால் போகும். இது நினைத்தாலே போனது. கட்டைவிரல் லேசாகச் சாய்ந்தது. மஞ்சள் இறக்கை இரண்டும் சேர்ந்து சாய்ந்தன. தூரத்துப் பனைகளின் தலைக்குமேல் அது போய்க்கொண்டே இருந்தது. தன் வாயிலிருந்து ஏதோ சத்தம் வருவது அவருக்கே கேட்டது.

"திருப்புங்க. நம்மைப் பார்த்து வரட்டும்."

திருப்பினார். விமானம் முகத்தைக் காட்டி எதிரே வந்தது. அப்படி வரும்போது வலது இடதாகிவிடும், இடது வலதாகிவிடும். பயிற்சி விமானத்தில் இதை அவர் நூறுமுறை செய்திருக்கிறார். ஆனால் இது மஞ்சள் விமானம். கொஞ்சம் இடப்பக்கத்து வேலிக்காத்தான் முட்புதர் பக்கம் ஒதுங்கியது. அவர் வலப்பக்கம் தள்ளினார். இன்னும் ஒதுங்கியது. இன்னும் தள்ளினார்.

"மாஸ்டர்! மாஸ்டர், வாங்கிக்குங்க!"

மாஸ்டர் கையை நீட்டுவதற்குள் அது மூக்குக்குப்புற விழுந்துவிட்டது. முறுக்குத் தட்டு கீழே விழுந்ததுபோல் ஒரு சத்தம். அவ்வளவுதான்.

நாச்சிமுத்து நின்ற இடத்திலேயே நின்றார்.

மாஸ்டர் நடந்து போனார். ஓடவில்லை. முதலில் பேட்டரியைக் கழற்றித் தள்ளி வைத்தார். பிறகு உட்கார்ந்து துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாச்சிமுத்து பக்கத்தில் வந்து சேர்ந்தபோது மாஸ்டர் முகத்தில் கோபமோ வருத்தமோ தெரியவில்லை. புதுத் துணி வந்து இறங்கினால் அதன் நூலைப் பிரித்துப் பார்ப்பாரே, அந்த முகம்.

"பாருங்க சார். ஒட்டு விடலை. மரந்தான் போயிருக்கு."

நாச்சிமுத்து மண்ணில் மண்டியிட்டார். மேல் இறக்கையின் துணி கிழிந்து தொங்கியது. அவர் அதை விலக்கினார். ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கண்கொட்டாமல் பார்த்த இறக்கை. அதன் உள்ளே அவர் பார்த்ததில்லை.

உள்ளே எல்லாமே ஒட்டு.

நீளத்துக்கும் ஓடிய நடுக்கட்டை ஒரே கட்டை இல்லை. அங்கங்கே சீவி, வேறு துண்டு வைத்து, நூல் சுற்றி ஒட்டியிருந்தது. விலாக்களில் பாதி வேறு வேறு மரம். ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு. சிலதுக்குப் பக்கத்தில் ஐஸ் குச்சி வைத்துக் கட்டியிருந்தது. அவர் விரல் தானாக எண்ணியது. பதினோரு இடம். தொழிற்சாலையில் இப்படி ஒன்று மேசைக்கு வந்திருந்தால் கையில்கூட எடுத்திருக்கமாட்டார்.

ஒவ்வொரு ஒட்டின் பக்கத்திலும் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

ரங்கசாமி, ஆடிக் காத்து. ஸ்டெல்லா டீச்சர். சாதிக். அதற்குக் கீழே மறுபடியும் சாதிக். பழனிவேலு, கரண்டு கம்பம். ஆறு இடத்தில் தமயந்தி.

எல்லாம் பேர்.

நாச்சிமுத்து கையை எடுத்துக்கொண்டார். இப்படிப்பட்ட பட்டியலை அவருக்குத் தெரியும். தொழிற்சாலையில் அவர் மேசைமேல் ஒரு நீள நோட்டு இருந்தது. பொருள் தப்பினால் தேதி, மெஷின் நம்பர், ஓட்டினவர் பேர் மூன்றையும் சிவப்பு மையில் எழுதுவார். ஒரே பேர் மூன்றுமுறை வந்தால் அந்த ஆளை லேத்திலிருந்து எடுத்துக் கூட்டிப் பெருக்கப் போட்டுவிடுவார்கள். அம்மாசை என்று ஒருவர். நல்ல கைத்திறன் உள்ளவர். மூன்றாவது முறை அவர் பேரை எழுதும்போது அம்மாசை எதிரிலேயே நின்றிருந்தார். வருஷங்கள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் நாச்சிமுத்து வணக்கம் வைத்தார். அம்மாசை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இனி இந்த இறக்கையில் தன் பேரும் ஏறும்.

மாஸ்டர் துண்டுகளை ஒரு அரிசிச் சாக்கில் சேகரித்துக்கொண்டிருந்தார்.

"திரும்பும்போது கை எந்தப் பக்கம் போச்சுங்க சார்?"

நாச்சிமுத்து எழுந்தார். கும்பிட்டார். காருக்குப் போய்விட்டார். பின்சீட்டில் சிவப்பு விமானம் வேட்டியைக்கூட அவிழ்க்காமல் கிடந்தது.

அடுத்த ஞாயிறு அவர் மைதானத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. சிவப்பு விமானத்தை அலமாரிமேல் ஏற்றிவிட்டார். சாப்பாட்டு மேசை காலியானது. பாவாத்தாளுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏனுங்க, உடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கிறவங்க இப்படியா மேசையில சோத்தை வச்சுப் பார்த்துட்டே உட்கார்ந்திருப்பாங்க?"

மூன்றாவது ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு வாசலில் மாஸ்டரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. காலடியில் அரிசிச் சாக்கு. பாவாத்தாள் அவரை அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் கேட்கவேண்டி இருக்கவில்லை.

"வா கண்ணு. உள்ளே வா. மோர் குடிக்கிறியா?"

"குடுங்க."

மாஸ்டர் நேரே மேசைக்கு வந்தார். சாக்கைத் திறந்து மஞ்சள் இறக்கையின் மூன்று துண்டுகளையும் வரிசையாக வைத்தார். துணியை முழுக்க உரித்து எடுத்திருந்தார்.

நாச்சிமுத்து அறை வாசலில் நின்றார்.

"என்னை மன்னிச்சிருங்க மாஸ்டர்."

"எதுக்குங்க?" மாஸ்டர் மோர்த் தம்ளரை வாங்கிக்கொண்டார். "இந்த நடுக்கட்டை ரெண்டு இடத்துல போயிருக்கு. சாய்ச்சுச் சீவி ஒட்டுப் போடணும். நான் போட்டா நூல் சுத்தணும், கனம் ஏறிரும். உங்க கை மாதிரி எனக்கு வராதுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

நாச்சிமுத்து அவர் முகத்தைப் பார்த்தார். ஆறுதலுக்காகச் சொல்லப்பட்டதா என்று தேடினார். தப்பைக் கண்டுபிடிக்கும் கண் அது. ஒன்றும் அகப்படவில்லை. மாஸ்டருக்கு ஒட்டுப் போட ஆள் தேவைப்பட்டது, கேட்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

நாச்சிமுத்து வெர்னியரை எடுத்துக்கொண்டு வந்தார்.

மூன்று ஞாயிறு இருவரும் அந்த மேசையில் வேலை செய்தார்கள். பாவாத்தாள் மறுபடியும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டார். இந்தமுறை முணுமுணுக்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு நாச்சிமுத்து கத்தியைக் கீழே வைத்தார்.

"மாஸ்டர், உண்மையைச் சொல்றேன். இதை அன்னைக்கே உள்ளே பார்த்திருந்தா நான் ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்."

"தெரியுங்க."

"பதினோரு ஒட்டு. ஒண்ணுக்கொண்ணு எடைகூட சேராது. இது எப்படிங்க அப்படிப் பறந்துச்சு?"

மாஸ்டர் ஒட்டிக் காய்ந்திருந்த பாதி இறக்கையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"ரெண்டு முனையையும் பிடிச்சு வளைங்க."

நாச்சிமுத்து மெல்ல வளைத்தார்.

"இன்னும்."

"உடைஞ்சிருமுங்க."

"இன்னும் வளைங்க."

வளைத்தார். இறக்கை வில்லாக வளைந்தது. எங்கோ உள்ளே மரம் முனகியது. ஒட்டுகள் இருந்த இடமெல்லாம் அப்படியே நின்றன. கையை விட்டதும் நேராக நிமிர்ந்துகொண்டது.

மாஸ்டர் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு அடுத்த விலாவுக்குப் பசை தடவப் போனார்.

நாச்சிமுத்து கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த மரத்தின் இழுப்பு இன்னும் உள்ளங்கையில் இருந்தது.

மூன்றாவது ஞாயிறு கடைசி விலாவும் ஏறியது. அவர் போட்ட இரண்டு ஒட்டும் நகத்துக்குத் தட்டவில்லை. மாஸ்டர் நகத்தை ஓட்டிப் பார்த்து, தலையை ஆட்டினார். துணி போர்த்தவேண்டியதுதான் பாக்கி.

நாச்சிமுத்து ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரிமேலிருந்து சிவப்பு விமானத்தை இறக்கினார்.

"வர்ற ஞாயிறு இதை எடுத்துட்டு வர்றேனுங்க."

"அப்ப இதுக்குத் துணி அப்புறம் போட்டுக்கலாம்" என்றார் மாஸ்டர். "முதல்ல உங்களோடது."

"காத்து இருந்தா?"

"காத்து இல்லாம எதுலங்க பறக்கும்?"

அந்த ஞாயிறு பாவாத்தாளும் கூடப் போனார். காரைவிட்டு இறங்கி, எல்லைக்கல் ஒன்றில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

காற்று கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. மாஸ்டரின் முந்தானை படபடத்தது. நாச்சிமுத்து அதைப் பார்த்தார். இறக்கையைப் பூட்டினார், கம்பியைக் கட்டினார், விமானத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி வைத்தார்.

மோட்டார் சுற்றியது. சிவப்பு விமானம் மண் ரோட்டில் ஓடியது. இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது தரையை விட்டிருந்தது.

"அட!" என்றார் பாவாத்தாள்.

அது ஏறியது. காற்றில் ஒருமுறை தள்ளாடி, நிமிர்ந்து, மேலும் ஏறியது. நாற்பத்தெட்டு விலாவும் வெயிலில் தெரிந்தன. நாச்சிமுத்து அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பனைகளைத் தாண்டியதும் திருப்பினார். முகத்தைக் காட்டி எதிரே வந்தது. வேலிக்காத்தான் பக்கம் கொஞ்சம் ஒதுங்கியது. இந்தமுறை அவர் விரல் இடப்பக்கம் போனது. யோசிக்கவில்லை, போனது. விமானம் நேராக வந்து அவர்கள் தலைக்கு மேலே கடந்தது.

ஆறு வட்டம் போட்டார். பாவாத்தாள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

இறக்கும்போது வேகம் கொஞ்சம் கூடிவிட்டது. சக்கரம் மண்ணைத் தொட்டு, எகிறி, மறுபடி தொட்டு, பக்கவாட்டில் ஓடி, ஒரு எல்லைக்கல்லில் போய் இடித்தது. இடது கீழ் இறக்கையின் முனை சட்டென்று மடங்கியது.

"ஐயோ! ஒரு வருஷ வேலையாச்சுங்களே!" பாவாத்தாள் தலையில் கைவைத்துக்கொண்டார்.

நாச்சிமுத்து நடந்து போனார். பேட்டரியைக் கழற்றினார். உட்கார்ந்து, உடைந்த முனையைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மனைவி பக்கம் திரும்பிய அவர் முகம் சிறு பிள்ளை முகம்போல் இருந்தது.

"மேலே போனதைப் பார்த்தியா?" என்றார். "பார்த்தியா?"

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இரண்டு இறக்கை கிடந்தன. ஒன்று சிவப்பு, முனை உடைந்தது. ஒன்று மஞ்சள் விமானத்தின் மேல் இறக்கை, ஒட்டி முடிந்து துணிக்குக் காத்திருந்தது. மாஸ்டர் மஞ்சள் துணியை அளந்து வெட்டினார். ஒரே வெட்டு. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார். துணியைப் போர்த்தப் போனவர் நிறுத்தி, காதோரத்திலிருந்து பென்சிலை எடுத்து நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"மூடறதுக்குள்ள பேரை எழுதிருங்க சார்."

நாச்சிமுத்து பென்சிலை வாங்கினார். முப்பத்துநாலு வருஷம் ஊரார் பேரையெல்லாம் எழுதிய கை. தன் பேரை ஒருநாளும் எழுதியதில்லை. சாதிக்கின் பேருக்குப் பக்கத்தில், புது ஒட்டின்மேல், நிதானமாக எழுதினார். எழுதி முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"எழுதிட்டேனுங்க. உடைச்சவன் பேரு இருக்கத்தானே வேணும்."

மாஸ்டர் இறக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உடைச்சவங்க பேரை யாருங்க எழுதி வைப்பாங்க? இதெல்லாம் ஓட்டினவங்க பேரு."

நாச்சிமுத்து மரத்தில் இருந்த பேர்களை மறுபடியும் ஒவ்வொன்றாகப் படித்தார். ரங்கசாமி. ஸ்டெல்லா டீச்சர். சாதிக், சாதிக். பழனிவேலு. ஆறு தமயந்தி. அவருக்குள் இருந்த பரிசோதகர் அப்போதும் விடவில்லை.

"உடைக்காம ஓட்டினவங்க பேரெல்லாம் எங்கேங்க எழுதியிருக்குது?"

மாஸ்டர் துணியின் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினார்.

"அப்படி யாரும் இன்னும் வரலீங்க சார்."